சுரண்ட வேண்டாம், துடைத்தால் போதும்

கரையேற்றாமலே படகின் அடிப்புறத்தைச் சுத்தமாக வைத்திருக்க முடியுமா? முடியும். அமெரிக்காவின் சான் டியேகோவில், ஷெல்டர் தீவுப் படகுத்துறையில் 2,000க்கும் மேற்பட்ட உல்லாசப் படகுகள் ஆண்டு முழுக்க நீரிலேயே கிடக்கின்றன. முக்குளிப்பவர்கள் கோடையில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை, குளிர்காலத்தில் நான்கு வாரத்துக்கு ஒருமுறை இறங்கித் துடைத்துவிட்டுப் போவது அங்கே வழக்கம். பெயிண்ட் அடிக்கும் காலத்தில்தான் படகைத் தூக்கி நிறுத்துகிறார்கள். ஆனால் இந்த வேலையை ஒட்டி வேரூன்றிவிட்ட சில நம்பிக்கைகள் படகையும் கெடுக்கின்றன, தண்ணீரையும் கெடுக்கின்றன.

நம்பிக்கை: அழுத்தித் தேய்த்தால்தான் அழுக்குப் போகும்.

இதைவிடப் படகுக்குத் தீங்கான நம்பிக்கை வேறில்லை. படகு நீரில் இறங்கிய சில மணி நேரத்திலேயே பாக்டீரியாக்கள் படியத் தொடங்கும். நுண்பாசிகள் சேர்ந்து வழுவழுப்பான படலமாகும். அதன் பிறகு வருவதுதான் கொட்டலசு. இது நண்டு, இறால் ஆகியவற்றின் உறவு. ஒட்டுவதற்கு இடம் தேடும் பருவத்தில் அதன் இளவுயிரி எதையும் தின்பதில்லை. உடலில் சேர்த்துவைத்த சத்துத் தீர்வதற்குள் இடம் பிடித்தாக வேண்டும். உணர்கொம்புகளால் பரப்பின்மேல் நடந்து பார்க்கும். பிடித்துப்போனால் தலையை அங்கேயே ஒட்டிக்கொண்டு, சுற்றிலும் சுண்ணாம்பு ஓடு கட்டி, ஆயுள் முழுக்கக் கால்களால் இரையை வாரிக்கொள்ளும். சார்லஸ் டார்வின் 1846 முதல் 1854 வரை எட்டு ஆண்டுகள் இந்த உயிரினத்தை ஆராய்ந்தார் என்பதில் எனக்கு வியப்பில்லை.

ஓடு கட்டிய கொட்டலசைச் சுரண்டினால் அதன் அடித்தட்டு வெள்ளை வட்டமாக ஒட்டிக்கொண்டே நிற்கும். இல்லையென்றால் பெயிண்டையும் பெயர்த்துக்கொண்டு வரும். பெயிண்ட் போன இடம் அடுத்த கொட்டலசுக்கு வசதி. எனவே படலம் வழுவழுப்பாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும், சாதம் காய்ந்து ஒட்டுவதற்குள் தட்டைக் கழுவுவதுபோல. அதற்குப் பழைய கார்ப்பெட் துண்டோ மெத்தென்ற பஞ்சோ போதும். கெட்டியான பெயிண்ட் இந்தத் துடைப்பைத் தாங்கும். தானாகக் கரைந்து தேயும்படி செய்யப்பட்ட மென்மையான பெயிண்டில் பிரஷ்ஷே படக்கூடாது. சிலிக்கோன் பூச்சில் ஒரு கீறல் விழுந்தாலும் அந்த இடத்தில் அதன் பயன் போயிற்று. துடைக்கும்போது பெயிண்டின் நிறத்திலேயே தண்ணீர் கலங்கினால் கையை எடுத்துவிடுங்கள். கழன்று போவது அழுக்கல்ல, உங்கள் காசு.

நம்பிக்கை: வெறும் பாசிதானே, கொட்டலசு வந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.

அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்றின் வடிவத்தை வைத்து மைக்கேல் ஷுல்ட்ஸ் என்ற ஆய்வாளர் 2007இல் ஒரு கணக்கு வெளியிட்டார். கொட்டலசு போன்ற ஓட்டுயிர்கள் கனமாக மூடியிருந்தால், அதே வேகத்தில் செல்ல 86 சதவீதம் வரை கூடுதல் எஞ்சின் திறன் தேவைப்படும். ஓடே இல்லாத கனத்த வழுவழுப்புக்கே ஏறத்தாழ 20 சதவீதம். அத்தனையும் எரிபொருள் செலவு. நேரமே இல்லாதவர்கள் புரொப்பெல்லரையாவது துடைக்கச் சொல்லுங்கள். பரப்பு சிறியது, பலன் பெரியது.

நம்பிக்கை: துத்தநாகக் கட்டை பொருத்தினால் கொட்டலசு அண்டாது.

இதற்கான விடை 200 ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்துவிட்டது. 1761இல் பிரிட்டிஷ் கடற்படை 'அலார்ம்' என்ற கப்பலின் அடிப்புறத்தைச் செப்புத் தகட்டால் மூடியது. மரம் துளைக்கும் புழுவும் நெருங்கவில்லை, பாசியும் குறைந்தது. ஆனால் செப்பு கடல்நீரில் அரிபட்டுக்கொண்டே போனது. 1824இல் வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி அந்தத் தகட்டில் இரும்பு, துத்தநாகத் துண்டுகளைப் பொருத்திக் காட்டினார். மின்வேதியியல் சொன்னபடியே அரிப்பு நின்றது. கூடவே கப்பலின் அடியில் பாசியும் கொட்டலசும் மண்டின. சில ஆண்டுகளில் கடற்படை அந்தத் துண்டுகளைக் கழற்றச் சொல்லிவிட்டது. செப்பு நீரில் கரைவதால்தான் உயிர்கள் அண்டவில்லை. கரைவது நின்றதும் காவலும் நின்றது.

இன்றைய படகில் துத்தநாகக் கட்டையின் வேலை, தான் அரிபட்டுப் புரொப்பெல்லரையும் அதன் தண்டையும் காப்பது மட்டுமே. பாதி தேய்ந்ததும் மாற்ற வேண்டும். முக்குளிப்பவர் நீருக்குள்ளேயே மாற்றிவிடுவார். அதன்மேல் பெயிண்ட் மட்டும் அடித்துவிடாதீர்கள். அடித்தால் கட்டை வேலை செய்யாது.

நம்பிக்கை: வேகமாக ஓட்டினாலோ ஆற்றுநீரில் நிறுத்தினாலோ எல்லாம் உதிர்ந்துவிடும்.

பாதி உண்மை. படகுப் பரப்பை ஒட்டிய மெல்லிய நீரடுக்கு, படகு விரையும்போதும் அதோடு சேர்ந்தே நகர்வதால் வழுவழுப்பு முழுதாகப் போகாது. நன்னீர் பல கடலுயிர்களைக் கொல்லும் என்றாலும், கொட்டலசு ஓட்டை இறுக மூடிக்கொண்டு நாள்கணக்கில் தாக்குப்பிடிக்கும். நன்னீர்த் துறையில் நீங்களே இறங்கித் துடைக்க நினைத்தால் ஒன்று மிக முக்கியம். கரையிலிருந்து படகுகளுக்கு வரும் மின்சாரம் நீரில் கசிந்திருந்தால், நன்னீரைவிட மனித உடல் அதை எளிதாகக் கடத்தும். கைகால் மரத்து மூழ்க நேரிடும். மின் இணைப்புள்ள துறையில் தயவுசெய்து இறங்காதீர்கள்.

நம்பிக்கை: கடலில் வளர்ந்தது கடலுக்கே போகிறது, அதனால் கேடில்லை.

போவது பாசி மட்டுமல்ல, உயிர்களை விரட்டப் பெயிண்டில் கலக்கும் செப்பும்தான். ஷெல்டர் தீவுத் துறைக்கு 2005இல் அப்பகுதி நீர்வாரியம் போட்ட கணக்கைப் பாருங்கள். ஆண்டுக்குச் சுமார் 2,000 கிலோ செப்பு, படகுகள் சும்மா நிற்கும்போதே பெயிண்டிலிருந்து கரைந்தது. துடைக்கும்போது போனது சுமார் 100 கிலோ. முக்குளிப்பவர்மேல் மட்டும் பழி போடுவது நியாயமில்லை. மொத்தச் செப்பை 76 சதவீதம் குறைக்க வேண்டும் என்றது வாரியம். உல்லாசப் படகுப் பெயிண்டில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நாளொன்றுக்கு 9.5 மைக்ரோகிராமுக்கு மேல் செப்பு கரையக்கூடாது என்று கலிஃபோர்னியா 2018இல் வரம்பிட்டது. செப்பே இல்லாத பூச்சு இன்னும் நல்லது. ஆனால் அதை அடிக்கடி துடைக்க வேண்டும்.

உயிர்களின் கணக்கு வேறு. எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் மீனவர்கள் 'காக்கா ஆழி' என்று சொல்லும் மட்டி தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. கப்பல் வழியாக வந்திருக்கும் என்றே கருதப்படுகிறது. அது தரையை மூடிப் படர்ந்ததால் இறாலும் உள்ளூர் மட்டியும் இருந்த இடம் பறிபோனது. ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில் 1999இல் வேறொரு அயல் மட்டி படகுத்துறையில் தென்பட்டது. துறையையே அடைத்து, குளோரினும் செப்பு சல்ஃபேட்டும் கலந்து, அங்கிருந்த மற்ற உயிர்களையும் பலிகொடுத்துத்தான் அதை ஒழிக்க முடிந்தது.

ஆகவே உள்ளூரிலேயே நிற்கும் படகை நீரில் வைத்தே துடையுங்கள். வேறு கடலிலிருந்து கொட்டலசும் மட்டியுமாக வந்து சேர்ந்த படகைத் துடைக்காதீர்கள். அதைக் கரையேற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும், சுரண்டியதையும் கரையிலேயே அள்ள வேண்டும். நியூசிலாந்து 2018 மே மாதத்திலிருந்து, வெளிநாட்டிலிருந்து வரும் எந்தப் படகும் சுத்தமான அடிப்புறத்தோடுதான் நுழைய வேண்டும் என்று கட்டாயமாக்கியிருக்கிறது.