நஞ்சுண்டு வாழும் நகரங்கள்
வீடியோ விளையாட்டுகளில் உலகப் படைப்பு: ஓர் ஆய்வு

காப்பியம் பாடப் புகுந்த நம் புலவர்கள் தலைவனை உடனே நம்முன் கொணர்ந்து நிறுத்தினாரல்லர். மழை எங்குப் பெய்தது, ஆறு எவ்வழி ஓடிற்று, வயலில் யாது விளைந்தது, வீதியில் யாது விலையாயிற்று என்பவற்றை நாம் அறிந்த பின்னரே கதையைத் தொடங்கினர். கம்பர் ஆற்றுப்படலம், நாட்டுப்படலம், நகரப்படலம் என முறையே அமைத்தமை மாணவர் அறிந்ததே. கதை மாந்தர் வாழ்வதற்கு ஓர் உலகம் வேண்டும். அவ்வுலகம் தன்னளவிற் பொருந்தி நில்லாவிடின் அவர்தம் இன்பதுன்பங்கள் நம் நெஞ்சிற் பதியா. இக்காலத்து வீடியோ விளையாட்டுகளை ஆக்குவோர் ‘உலகப் படைப்பு’ என்று வழங்குவதும் இப்பணியையே.

வீடியோ விளையாட்டு இளைஞர்தம் பொழுதுபோக்கன்றோ, அதனை விழா மலரில் ஆராய்தல் தகுமோ என மூத்தோர் சிலர் வினவல் கூடும். தகும் என்பதே நம் கருத்து. நூலைப் படிப்பவன் பிறன் செய்த வினையைக் காண்கின்றான். விளையாடுபவனோ வினையைத் தானே செய்கின்றான். ஆதலின் இவ்வுலகங்கள் கற்பிக்கும் பாடம், நன்றாயினும் தீதாயினும், ஆழமாகப் பதியும். ஈண்டு ஒருவகை உலகத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். தீங்கு விளைக்கும் ஒரு பொருளையே தன் உயிர்நாடியாகக் கொண்டு வாழும் நாகரிகமே அது.

ஆராய்ச்சிக்கு ஓர் அளவுகோல் வேண்டும். முதல், கரு, உரி என்னும் தொல்காப்பியப் பாகுபாடு நம் கையில் உண்டு. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்துக்குரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், தொழில் முதலியன கருப்பொருள். அங்கு வாழும் மக்களின் ஒழுக்கம் உரிப்பொருள். இம்மூன்றும் ஒன்றையொன்று தழுவி நிற்பதே நல்ல படைப்பு. நெய்தல் நிலத்தில் வலையும் மீனும் இருத்தல் மட்டும் போதாது. கடலை நோக்கிக் காத்திருக்கும் நெஞ்சமும் வேண்டும். அவ்வாறே, கற்பனை நகரொன்றில் நச்சுப் பொருள் கருப்பொருளாக அமையுமாயின், அஃது அம்மக்களின் தொழிலையும் வழிபாட்டையும் உறவையும் மாற்றியிருத்தல் வேண்டும். மாற்றாவிடின் அது வெறும் வண்ணப் பூச்சேயாம்.

1. வரலாறு தரும் உரைகல்

இத்தகைய நாகரிகம் கற்பனையில் மட்டும் உள்ளதன்று. இக்காலத்துப் பொலிவியா நாட்டிலுள்ள பொட்டோசி மலையில் 1545 ஆம் ஆண்டில் வெள்ளி கண்டறியப்பட்டது. சில பத்தாண்டுகளில் உயர்தரக் கனிமம் அருகிற்று. எஞ்சிய கனிமத்திலிருந்து வெள்ளியைப் பிரிக்கப் பாதரசம் வேண்டியதாயிற்று. கனிமத்தைப் பொடியாக்கி உப்பும் பாதரசமும் கூட்டிப் பிசைந்தால், வெள்ளி பாதரசத்தோடு சேரும். பின்னர் அதனைச் சூடேற்றினால் பாதரசம் ஆவியாகப் பிரிந்து போக வெள்ளி எஞ்சும். அப்பாதரசத்தைத் தந்தது பெரு நாட்டு மலைநகராகிய ஹுவாங்காவெலிக்கா. 1570களில் பிரான்சிஸ்கோ டி தொலேடோ என்னும் ஸ்பானிய அரசப் பிரதிநிதி, ‘மித்தா’ எனப்பட்ட கட்டாய ஊழிய முறையினால் மலைநாட்டுக் குடிகளை முறைவைத்து இவ்விரு சுரங்கங்களுக்கும் அனுப்பினார்.

பாதரச ஆவியைத் தொடர்ந்து சுவாசிப்போர்க்குக் கை நடுங்கும், ஈறு புண்ணாகும், அறிவு தடுமாறும். ஹுவாங்காவெலிக்காச் சுரங்கம் ‘மரணச் சுரங்கம்’ என்றே பெயர் பெற்றது.

இவ்வரலாறு மூன்று உண்மைகளை உணர்த்தும். முதலாவது, பயன் சேரும் இடம் வேறு, தீங்கு சேரும் இடம் வேறு. பொட்டோசி வெள்ளி ஐரோப்பாவுக்கும் சீனாவுக்கும் சென்றது. நடுக்கம் சுரங்கத்து மக்களிடமே தங்கிற்று. இரண்டாவது, அத்தீங்கு அறியப்படாத ஒன்றன்று. கொடுமை பற்றிய முறைப்பாடுகள் அரசனுக்கு எட்டின. மித்தாவை ஒழித்தல் பற்றி வாதங்களும் நிகழ்ந்தன. எனினும் 1812 ஆம் ஆண்டிலேயே அது சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. மூன்றாவது, பயன் முடிந்த பின்னும் தீங்கு முடிவதில்லை. அந்நகரின் மண்ணிலும், அம்மண்ணாற் கட்டிய வீட்டுச் சுவர்களிலும் பாதரசம் தங்கியிருப்பதை இந்நூற்றாண்டின் ஆய்வாளர் அளந்து கண்டுள்ளனர்.

இம்மூன்றையும் உரைகல்லாகக் கொண்டு, மூன்று கற்பனை உலகங்களை உரைத்துப் பார்ப்போம்.

2. டைபீரியம்

அமெரிக்காவின் வெஸ்ட்வூட் நிறுவனத்தார் 1995 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘கமாண்ட் அன்ட் கொங்கர்’ ஒரு போர் விளையாட்டு. அதன் கதையில், இத்தாலி நாட்டு டைபர் ஆற்றங்கரையில் விண்கல்லொன்று வீழ்கின்றது. அதனோடு வந்த பச்சைப் பளிங்குப் பொருள் டைபீரியம் எனப் பெயர் பெறுகின்றது. அது மண்ணிலுள்ள உலோகங்களை உறிஞ்சி மேலே பளிங்காக விளைவிக்கும். ஆதலின் சுரங்கம் தோண்டாமலே செல்வம் கிடைக்கும். ஆனால் அது நஞ்சு, தானே பரவும், பரவிய நிலம் வேறொன்றுக்கும் உதவாது.

இவ்வுலகின் சிறப்பு யாதெனில், செல்வமும் நஞ்சும் ஒரே நிலத்தில் நிற்பதை விளையாடுபவன் தன் கையாலேயே உணர்தல். அறுவடை ஊர்தியை டைபீரிய வயலுக்கு அனுப்பினால் பணம் சேரும். காலாட் படையை அதே வயலின் வழியே நடத்தினால் வீரர் உயிர் குறையும். இதனை எவரும் அவனுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. இரும்புக் கவசத்துள் இருப்பவன் தப்புவான், வெறுங்காலோடு நடப்பவன் மாள்வான் என்னும் நியதியை முதல் நாளிலேயே அறிந்து கொள்வான்.

2007 ஆம் ஆண்டின் மூன்றாம் விளையாட்டில் உலகமே மூன்று வலயங்களாகப் பிரிந்து விடுகின்றது. நிலப்பரப்பில் 20 வீதம் செழிப்புடைய நீல வலயம். 50 வீதம் நலிந்த மஞ்சள் வலயம். 30 வீதம் மனிதர் வாழவியலாத சிவப்பு வலயம். மக்களுட் பெரும்பாலோர் மஞ்சள் வலயத்தில் வாழ்கின்றனர். டைபீரியத்தைத் தீங்கெனக் கருதாது, மனித குலத்தை உயர்த்தும் அருளெனப் போற்றும் ஒரு கூட்டம் அவர்களிடையே வேரூன்றுகின்றது. வெளியேறும் வழியற்றோர் தம்மைக் கொல்லும் பொருளையே தெய்வமாக்குதல் வியப்பன்று. இங்குக் கருப்பொருள் தெய்வம் வரை சென்று பற்றியிருத்தலைக் காண்க.

குறையும் உண்டு. தீங்கு அடைவோர்க்கு இவ்வுலகில் பெரும்பாலும் பெயரில்லை. மாண்ட காலாளுக்காக நாம் வருந்துவதில்லை. வேறொருவனைப் பணம் கொடுத்து வருவிக்கின்றோம்.

3. மாக்கோ

பெயரும் முகமும் கொடுத்த உலகம் ஒன்று உண்டு. யப்பான் நாட்டு ஸ்குவெயர் நிறுவனத்தார் 1997 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஃபைனல் ஃபான்டசி 7’ அது.

அதன் பெருநகர் மிட்கார். நகரைச் சூழ எட்டு உலைகள் நின்று, நிலத்தின் ஆழத்திலிருந்து மாக்கோ என்னும் ஆற்றலை உறிஞ்சுகின்றன. விளக்கும் இயந்திரமும் இயங்குவது அதனாலேயே. உலைகளுக்குரிய ஷின்ரா நிறுவனம் முன்னர்ப் போர்க்கருவி செய்தது. இப்பொழுது மின்சாரமும் அதனுடையது, ஆட்சியும் அதனுடையது. மாக்கோவின் மூலம், உயிர்கள் இறந்தபின் சென்று சேர்வதும், புதிய உயிர்கள் தோன்றுவதும் ஆகிய உயிர்ப்பெருக்கு. எனவே விளக்கெரிப்பதற்காக இறந்தோரையும் இனிப் பிறக்கவேண்டியவரையும் எரிக்கின்றார்கள். மாக்கோவில் அளவுக்கு மிஞ்சித் தோய்ந்தவன் சித்தம் கலங்குகின்றான்.

நகரின் வடிவமே பாடம் சொல்கின்றது. செல்வர் வாழ்வது தூண்கள் தாங்கும் பெருந்தட்டின் மேல். வறியோர் வாழ்வது அத்தட்டின் கீழ், வெயில் படாத சேரிகளில். கீழேயுள்ள எட்டு ஊர்களுக்கும் ஒருகாலத்திற் பெயர்கள் இருந்தன. இப்பொழுது அவை எவர்க்கும் நினைவில்லை, எண்களே எஞ்சியுள்ளன. பூச்செடி முளைப்பதும் அரிதாகையால், பூ விற்கும் பெண்ணொருத்தி வீதியில் நிற்பதே கதையின் தொடக்கத்தில் ஒரு புதுமையாகின்றது. சில சொற்களால் உலகம் படைக்கும் முறைக்கு இவை நல்ல எடுத்துக்காட்டு.

ஆயினும் நம் ஆய்வுக்கு இன்றியமையாதவன் பாரெட் என்னும் பாத்திரம். கதையின் முதற் காட்சியில் முதலாம் உலையை வெடிவைத்துத் தகர்க்கச் செல்லும் குழுவின் தலைவன் அவன். ஷின்ராவை வெறுப்பதற்கு அவனுக்குக் காரணம் உண்டு. அவன் பிறந்த கோரெல் ஒரு நிலக்கரிச் சுரங்க ஊர். மாக்கோ வந்தபின் நிலக்கரியை நாடுவார் அருகினர். அங்கும் உலை அமைக்க ஷின்ரா முன்வந்தபோது, பாட்டன் முப்பாட்டன் காத்த சுரங்கத்தைக் கைவிடலாகாது என்றான் அவன் நண்பன் டைன். வறுமை தீரும், அமைப்போம் என்று வாதாடியவன் பாரெட். உலை அமைந்தது, அதில் விபத்து நிகழ்ந்தது, பழியை ஊரார்மேற் சுமத்தி ஷின்ராப் படை ஊரை எரித்தது. மனைவியையும் சுற்றத்தையும் இழந்த பாரெட், டைனின் பெண்குழந்தையைத் தன் மகளாக வளர்க்கின்றான்.

இங்கே ஆசிரியர்கள் அறிந்து செய்தது யாது? ஊரை விற்ற தீயவன் என ஒருவனைக் காட்டியிருத்தல் எளிது. அவ்வாறு செய்யாமல், அன்புள்ள ஒருவன் தன் வீட்டாரின் வயிற்றுக்காக நஞ்சுக்கு இசைந்ததைக் காட்டினர். உலகில் இத்தகைய பொருள்களுக்கு இசைவு கிடைப்பது பெரும்பாலும் இவ்வழியாலன்றோ?

அதனினும் கடுமையான வினா ஒன்று பின்னர் வருகின்றது. உலை வெடித்தபோது மாண்டவர் எத்தனை பேர் என்று ஷின்ராவின் அலுவலர் ஒருவர் பாரெட்டைக் கேட்கின்றார். உலகைக் காக்கும் பணியிற் சிலர் மாள்வது இயல்பு என்கிறான் அவன். உமக்குச் சிலர், மாண்டவர்க்கோ அதுவே முழுதும் என்னும் கருத்துப்பட அவர் மறுமொழி கூறப் பாரெட்டிடம் விடையில்லை. அவ்வெடியை வைக்கப் பொத்தானை அழுத்தியவர் நாமே. ஆதலின் அவ்வினா நம்மையும் சாரும். நூலைப் படிப்பவனிடம் இவ்வாறு வினவுதல் இயலாது.

4. நிலக்கரி

போலந்து நாட்டார் 2018 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஃபுரொஸ்ட்பங்க்’ நம்மை ஆட்சிக் கட்டிலில் அமர்த்துகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகைப் பெருங்குளிர் மூடுகின்றது. எஞ்சிய சிலர் நிலக்கரி எரிக்கும் ஒரு பேருலையைச் சூழக் குடியேறுகின்றனர். உலைக்கு அருகில் வெப்பம். விலக விலகக் குளிர். அளவு மீறி இயக்கினால் உலை வெடிக்கவுங்கூடும். கரி போதாத நாளில் வேலை நேரத்தை நீட்டலாமா, சிறுவரையும் வேலைக்கு அனுப்பலாமா எனச் சட்டப் புத்தகம் நம்முன் விரிகின்றது. ஒவ்வொரு சட்டமும் அன்றைய தேவைக்கு ஏற்றதாகவே தோன்றும். நகரம் பிழைத்தபின், நாம் இயற்றியவற்றை நிரலே காட்டி, இவ்விலை தகுமோ என விளையாட்டு நம்மையே வினவுகின்றது. தீங்கு அறிந்தே செய்யப்படுவது என்னும் இரண்டாம் உண்மையை இதனினும் தெளிவாக உணர்த்தும் விளையாட்டை நாம் கண்டிலம்.

5. கைவிடல்

இம்மூன்று உலகங்களும் தீங்கை நன்கு காட்டின. தீங்கான பொருளை ஒரு நாகரிகம் எவ்வாறு கைவிடுகின்றது என்பதைக் காட்டுவதில் அவை தளர்கின்றன. மிட்காரின் கதையில் நகர் பேரழிவால் பாழாகின்றது. இறுதிக் காட்சி ஐந்நூறு ஆண்டுகளைத் தாண்டிச் சென்று, பசுமை மூடிய இடிபாடுகளைக் காட்டுகின்றது. இடைப்பட்ட காலத்தில் மக்கள் எதனால் விளக்கேற்றினர்? 2005 ஆம் ஆண்டின் தொடர்ச்சித் திரைப்படத்தில் பாரெட் எண்ணெய் வயல் தேடித் திரிகின்றான். 2024 ஆம் ஆண்டில் வந்த இரண்டாம் ‘ஃபுரொஸ்ட்பங்க்’ உலகிலும் நிலக்கரியின் இடத்தை எண்ணெய் பெறுகின்றது. ஒரு நஞ்சு நீங்கினால் மற்றொன்று வருகின்றது. இஃது உண்மைக்கு மாறானதன்று. எனினும் முழு உண்மையுமன்று.

உண்மை வரலாறு ஒன்றைக் காண்க. மோட்டார் இயந்திரத்தின் தட்டலைத் தடுக்கப் பெற்றோலில் ஈயச் சேர்மம் கலக்கலாம் என்பது 1921 ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் கண்டறியப்பட்டது. 1923 இல் விற்பனை தொடங்கிற்று. மறு ஆண்டிலேயே அச்சேர்மத்தைச் செய்த தொழிலாளர் சிலர் நஞ்சேறி மாண்டனர். எனினும் உலகம் முழுவதும் அதனை எரித்தது. வீதி வண்டிகளுக்கு அதனை விற்ற இறுதி நாடாகிய அல்ஜீரியா 2021 ஆம் ஆண்டில் நிறுத்தியது. கைவிடுதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு சென்றது, ஆயினும் கைவிடப்பட்டது. குருதியில் ஈயத்தை அளந்தவர், சட்டம் வரைந்தவர், சுத்திகரிப்பு ஆலையை மாற்றியமைத்தவர் எனப் பலர் பொறுமையோடு செய்த பணி அது. வாளேந்திய வீரன் எவனும் அதிலில்லை. இப்பொறுமையை விளையாட்டாக்கும் படைப்பாளனுக்கு இடம் இன்னும் வெறுமையாகவே இருக்கின்றது.

நம் மாணவருள் நாளை இத்தகைய உலகங்களைப் படைப்போர் தோன்றுவர். அவர்க்கு நாம் கூறுவது நான்கு வினாக்களே. பயன் எங்கே சேர்கின்றது, தீங்கு எங்கே சேர்கின்றது? தீங்கை அறிந்தோர் யார், அறிந்தும் ஏன் இசைந்தனர்? பயன் தீர்ந்தபின் மண்ணில் எஞ்சுவது யாது? கைவிடும் பணியைச் செய்வோர் யார்? இவற்றுக்கு விடையுள்ள உலகம் கற்பனையாயினும் மெய்யாக நிற்கும்.

உலகம் படைக்க எண்ணாத ஏனையோர்க்கும் இவ்வினாக்கள் பயன்படும். நாம் ஏற்றும் விளக்குக்கும் செலுத்தும் வண்டிக்கும் எங்கோ ஓர் உலையுண்டு. அவ்வுலையருகே மூச்சுவிடும் ஒருவரும் உண்டு. அவர் ஊரின் பெயரை அறிந்து வைத்திருத்தல் கற்றோர்க்குக் கடமையாம்.