போர்டு டிசைனில் முந்த வேண்டுமா? கண்டென்ஸ்டு போல்டைப் பிடியுங்கள்!

உச்சிப்புளியிலிருந்து ராமநாதபுரம், ராமேஸ்வரம் பக்கம் டிசைனர் வேலை தேடுகிறீர்களா? போட்டோஷாப், கோரல்டிரா தெரியும் என்று ரெஸ்யூமேயில் போட்டால் யாரும் நிமிர்ந்து பார்க்கமாட்டார்கள். கேன்வா வந்தபிறகு கடைக்காரர் மகனே போஸ்டர் போட்டுவிடுகிறான். ஆனால் தடித்த, ஒடுங்கிய (கண்டென்ஸ்டு போல்டு) தமிழ் எழுத்தைப் பெரிய சைஸில் சரியாக நிறுத்தத் தெரிந்தவர்கள் குறைவு. அந்த இடம் உங்களுக்கு.

1. எழுத்தை அமுக்காதீர்கள். கடைப் பெயர் நீளம், போர்டு குறுகல். உடனே இரு பக்கமும் அமுக்கினால் செங்குத்துக் கோடுகள் மெலியும். படுக்கைக் கோடுகள் தடிப்பாகவே நிற்கும். அனுபவமுள்ள முதலாளி ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். ஒடுக்கமாகவே வரையப்பட்ட ஃபான்ட்டை எடுங்கள். இம்பேக்ட், ஆண்டன், பெபாஸ் நியூ எல்லாம் ஆங்கிலத்துக்குப் பிரமாதம். அவற்றில் தமிழ் கிடையாது. தமிழுக்கு என் முதல் சிபாரிசு அனெக் தமிழ். மும்பையின் ஏக் டைப் நிறுவனம் 2022-இல் வெளியிட்டது. தடிமன் 100 முதல் 800 வரை, அகலம் 75 முதல் 125 வரை மாற்றலாம். கமர்ஷியல் வேலைக்கும் இலவசம். பழைய சாஃப்ட்வேரில் இவற்றை மாற்றும் ஸ்லைடர் வராது. கண்டென்ஸ்டு எக்ஸ்ட்ராபோல்டைத் தனி ஃபைலாக இன்ஸ்டால் செய்யுங்கள்.

2. கண்ணைப் பழக்குங்கள். ‘உச்சிப்புளி’ என்று அடித்துப் பாருங்கள். ஆறே எழுத்து, அதில் இரண்டு புள்ளி, இரண்டு மேல்கொக்கி, கீழே இறங்கும் ‘பு’. ஸ்பேசிங்கை நெருக்கினால் ‘சி’யின் கொக்கி பக்கத்து ‘ப்’ புள்ளியில் முட்டும். மேல் வரியின் ‘பு’ கீழ் வரியின் புள்ளியை இடிக்கும். லைன் ஸ்பேசிங்கைத் தளர்த்துங்கள். ‘ராமநாதபுரம்’ என்பதில் ‘ர’வும் காலும் ஒன்றுபோலத் தெரிகின்றனவா? வேறு பெயர்களில் வரும் ‘ண’வின் சுழி அடைபட்டுவிட்டதா? அப்படியானால் தடிமனை ஒரு படி குறையுங்கள். பிறகு போர்டைப் போனில் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அதிலும் படிக்க முடிந்தால்தான் பஸ்ஸில் போகிறவர் படிப்பார்.

3. மூன்று சாம்பிள் போதும். கருவாட்டுக் கடை, லாட்ஜ், மொபைல் சர்வீஸ்: மூன்றுக்கும் போர்டு செய்யுங்கள். தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற அரசு விகிதத்தில் இருக்கட்டும். விதி தெரிந்த ஆள் என்ற இம்ப்ரெஷன் அங்கேயே விழும்.

4. பாமினி என்ற பழைய ஃபான்ட்டையும் விடாதீர்கள். பல கடைகளின் பழைய ஃபைல்கள் அதில்தான் இருக்கின்றன. யூனிகோடுக்கு மாற்றித் தர முடியும் என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

இன்டர்வியூவில் ‘கிரியேட்டிவ்’ என்ற பேச்சே வேண்டாம். அமுக்கிய எழுத்து ஒன்று, அனெக்கில் அமைத்த அதே பெயர் ஒன்று. இரண்டையும் ஏ3-இல் பிரின்ட் எடுத்து மேஜையில் வையுங்கள். சம்பளப் பேச்சை அதற்குப் பிறகு ஆரம்பியுங்கள்.