கையெழுத்தும் ஒரு வாக்குறுதிதான்: விசாத் தாளும் வீட்டுக் கடன் தாளும்

(ஜும்ஆ தமிழ் பயானின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் கண்மணி நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாகட்டும்.

கண்ணியத்திற்குரிய ஜமாஅத்தார்களே!

சென்ற மாதம் ஒரு நாள் மஃரிபு தொழுகைக்குப் பிறகு நமது மஹல்லாவின் பெரியவர் ஒருவர் என்னிடம் வந்து உட்கார்ந்தார். அவருடைய மகன் வீடு கட்டக் கடன் கேட்டு விண்ணப்பித்திருக்கிறார். சம்பளச் சான்று கேட்டிருக்கிறார்கள். பெரியவர் சொன்னார்: "ஹஜ்ரத், மகன் நம்ம மதரஸாவுல உஸ்தாதா இருக்கான், மாசம் நாப்பதாயிரம் வாங்குறான்னு லெட்டர்பேடுல ஒரு தாள் மட்டும் கொடுங்க."

நான் சிரித்துவிட்டேன். "மாமு, இந்த மதரஸாவுல உஸ்தாதுக்கு நாப்பதாயிரம்னா, அந்த வேலைக்கு முதல்ல மனுப் போடுறது நானாத்தான் இருக்கும்" என்றேன். அவரும் சிரித்தார். ஆனால் எழுந்து போகும்போது ஒரு வார்த்தை சொன்னார்: "ஒரு தாள்தானே ஹஜ்ரத். கடன் கொடுக்கிறவன் என்ன நம்ம ஆளா?"

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் கெட்டவர் இல்லை. ஐந்து வேளையும் முதல் ஸஃப்பில் நிற்பவர். அப்படிப்பட்டவருக்கே 'ஒரு தாள்தானே' என்று தோன்றுகிறது என்றால், ஓதிப் படித்த நாங்கள் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை என்றுதான் பொருள். அவருடைய அனுமதியோடுதான் இதை உங்கள் முன் வைக்கிறேன்.

நம் வீடுகளின் இரண்டு தாள்கள்

அய்யம்பேட்டை, சக்கராப்பள்ளி, வழுத்தூர், ராஜகிரி, பண்டாரவாடை என்று வரிசையாகப் பாருங்கள். அந்தப் பக்கம் கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம். சபுராளிகள் இல்லாத தெரு உண்டா? நம் வாழ்க்கையையே இரண்டு தாள்கள் தூக்கி நிறுத்துகின்றன. ஒன்று, பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பும் விசாத் தாள். இன்னொன்று, அவன் சம்பாத்தியத்தில் வீடு எழுப்பும் கடன் தாள், பத்திரத் தாள். இரண்டிலும் நாம் கையெழுத்துப் போடுகிறோம்.

விசிட் விசாவில் போகிறவர், 'சுற்றிப் பார்க்கப் போகிறேன், குறித்த நாளில் திரும்பிவிடுவேன்' என்று எழுதிக் கொடுக்கிறார். மனதிலோ அங்கேயே தங்கி வேலை தேடும் எண்ணம். 'ஃப்ரீ விசா' என்று ஒன்றைச் சொல்கிறார்கள். பெயர்தான் ஃப்ரீ. தாளில் ஒரு முதலாளி, வேலை செய்வது வேறு இடத்தில். சட்டம் அதை ஏற்பதில்லை. கடன் தாளிலும் இதே கதைதான். இருக்கும் சம்பளம் ஒன்று, எழுதும் சம்பளம் வேறு.

2008: தண்ணீர் வற்றிய காலம்

நமக்கு விவசாயம் தெரியும். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் நிறைந்து ஓடும்போது எல்லா வயலும் ஒன்றுபோலத்தான் தெரியும். முறை வைத்துத் தண்ணீர் விட ஆரம்பித்தால்தான் எந்த வரப்பில் நண்டு வளை இருக்கிறது என்று தெரியும். வளை உள்ள வயல்தான் முதலில் காயும்.

2008இல் உலகம் முழுவதும் அதுதான் நடந்தது. அமெரிக்காவில் வீட்டு விலை ஏறிக்கொண்டே இருந்த ஆண்டுகளில், வருமானச் சான்று கேட்காமல், விண்ணப்பத்தில் எழுதிய தொகையை அப்படியே நம்பிக் கடன் கொடுத்தார்கள். அதற்கு அந்த ஊர்க்காரர்களே 'பொய்யர் கடன்' என்று பெயர் வைத்தார்கள். கடன் வாங்கியவர் மட்டும் பொய் எழுதவில்லை. கமிஷனுக்காகத் தரகரும் எழுதினார், தெரிந்தும் அதிகாரி கண்ணை மூடிக்கொண்டார். விலை சரிந்தது. தவணை கட்ட முடியாமல் லட்சக்கணக்கான குடும்பங்கள் வீட்டை இழந்தன. 2008 செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் என்ற பெரும் நிதி நிறுவனம் திவாலானது.

அது எங்கோ நடந்தது என்று நாம் இருக்க முடியவில்லை. அடி துபாய்க்கு வந்தது. 2002இலிருந்து வெளிநாட்டவரும் சொந்தமாக வீடு வாங்கலாம் என்று துபாய் கதவைத் திறந்திருந்தது. கட்டி முடியாத கட்டடத்தில் ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டி, அடுத்த தவணைக்கு முன் கை மாற்றி லாபம் பார்ப்பது அங்கே ஒரு வியாபாரமாகவே நடந்தது. 2008 முடிவில் அது நின்றது. வீட்டு விலை ஏறத்தாழப் பாதியாக விழுந்தது. ஷரீஅத் முறையில் வீட்டு நிதி கொடுத்த அம்லாக், தம்வீல் என்ற இரண்டு நிறுவனங்களும்கூடப் புதுக் கடன் கொடுப்பதை நிறுத்தின. 2009 நவம்பரில் துபாய் அரசின் 'துபாய் வேர்ல்ட்' நிறுவனமே கடனைத் திருப்பித் தர அவகாசம் கேட்டது. அடுத்த மாதம் அபூதபி 1,000 கோடி டாலர் கொடுத்துக் கைதூக்கியது. 2010 ஜனவரியில் திறந்த உலகின் மிக உயரமான கட்டடத்துக்கு, 'புர்ஜ் துபாய்' என்ற பெயரை மாற்றி, அபூதபி ஆட்சியாளரின் பெயரில் 'புர்ஜ் கலீஃபா' என்று வைத்தார்கள்.

அந்தச் சமயம் நான் பட்டம் வாங்கி வந்து வேறொரு ஊரில் இமாமாக இருந்தேன். 2009இல் ஒரு நாள் ஃபஜ்ரு தொழுகைக்கு ஓர் இளைஞர் வந்தார். முந்தைய இரவு திருச்சி விமான நிலையத்தில் ஒரே ஒரு கைப்பையோடு இறங்கியிருக்கிறார். ஃப்ரீ விசாவில் போனவர். தெரிந்தவர் மூலம் சம்பளத்தை மூன்று மடங்காக எழுதிச் சான்று வாங்கி, அதைக் காட்டிக் கடன் எடுத்து, கட்டிக்கொண்டிருந்த கட்டடத்தில் ஒரு வீட்டுக்குப் பணம் கட்டியிருந்தார். மீதிக்குப் பின் தேதியிட்ட செக்குகள். கட்டட வேலை நின்றது, இவர் வேலையும் போனது. அன்றைய சட்டப்படி செக் திரும்பினால் அங்கே சிறை. அதனால் யாரிடமும் சொல்லாமல் கிளம்பி வந்துவிட்டார்.

அவருடைய அத்தா ஐந்து மா நஞ்சையை விற்றார். ஆனால் அந்தத் தம்பி அழுதது நிலத்துக்காக அல்ல. ஒரே அறையில் படுத்து, ஒரே சட்டியில் சாப்பிட்ட ஒரு தோழர் அவரை நம்பி ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தார். அந்தத் தோழர் மீது வழக்கு வந்தது, பயணத் தடை வந்தது. அவருடைய தாயார் இங்கே மவுத்தானபோது ஜனாஸாவுக்கு வர முடியவில்லை. "ஹஜ்ரத், நான் எழுதின பொய்க்கு அவன் உம்மா முகத்தைக்கூடப் பார்க்க முடியாமப் போச்சு" என்று அந்தத் தம்பி சொன்னதை நான் இன்றுவரை மறக்கவில்லை.

'யாருக்கும் நஷ்டம் இல்லை' என்கிறோமே, அந்த நஷ்டம் கடைசியில் யார் தலையில் விழுகிறது, பாருங்கள்.

ஹுதைஃபா எல்லையில் கொடுத்த வாக்கு

சகோதரர்களே! ஸஹீஹ் முஸ்லிமில் ஒரு சம்பவம் இருக்கிறது. ஹுதைஃபா ரளியல்லாஹு அன்ஹு அவர்களும் அவர்களின் தந்தையும் மதீனா நோக்கிப் போகும்போது குறைஷிகள் வழியில் பிடித்துக்கொண்டார்கள். 'முஹம்மதிடம்தானே போகிறீர்கள்?' என்று கேட்டார்கள். 'இல்லை, மதீனாவுக்குத்தான் போகிறோம்' என்றார்கள். அப்படியானால் மதீனா போகலாம், ஆனால் அவரோடு சேர்ந்து போரிடக் கூடாது என்று உறுதிமொழி வாங்கிக்கொண்டு விட்டார்கள். இருவரும் வந்து நாயகத்திடம் விஷயத்தைச் சொன்னார்கள். அது பத்ருப் போர் நேரம். முஸ்லிம்கள் முந்நூற்றுச் சொச்சம் பேர், எதிரிகள் ஏறத்தாழ ஆயிரம் பேர். ஒவ்வொரு வாளும் தேவைப்பட்ட நாள். கேட்டவர்களோ கொலை செய்யத் துடித்த எதிரிகள், வாங்கியதோ வற்புறுத்தி வாங்கிய வாக்கு. அப்படியிருந்தும் நாயகம் அவர்கள், நீங்கள் திரும்பிச் செல்லுங்கள், அவர்களுக்குக் கொடுத்த வாக்கை நாம் நிறைவேற்றுவோம், உதவியை அல்லாஹ்விடம் கேட்போம் என்ற கருத்தில் சொல்லி அனுப்பினார்கள். ஹுதைஃபா பத்ரில் கலந்துகொள்ளாமல் போன காரணம் இதுதான்.

இன்றைய விசா என்பது என்ன? எல்லையில் ஒரு நாடு கேட்கிறது: 'எதற்கு வருகிறாய், எத்தனை நாள் இருப்பாய்?' நாம் பதில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம். அதுவும் எல்லையில் கொடுத்த வாக்குதான். அதை யாரும் நம்மிடம் வற்புறுத்தி வாங்கவில்லை, நாமே வரிசையில் நின்று கொடுக்கிறோம்.

'பூமி அல்லாஹ்வுடையது, இதில் என்ன எல்லை?' என்று சில இளைஞர்கள் கேட்கிறார்கள். பூமி அல்லாஹ்வுடையதுதான். நீ எழுதிக் கொடுத்த வாக்கைப் பற்றி விசாரிப்பவனும் அதே அல்லாஹ்தான்.

'அவர்கள் நம் ஆட்கள் இல்லையே'

ஹனஃபி மத்ஹபின் ஹிதாயா கிதாபை மதரஸாவில் ஓதியவர்களுக்கு 'முஸ்தஃமின்' பாடம் நினைவிருக்கும். பாதுகாப்பு ஒப்பந்தம் வாங்கிக்கொண்டு எதிரி நாட்டுக்குள் வியாபாரத்துக்குப் போகும் முஸ்லிம், அங்குள்ளவர்களின் உயிரிலும் பொருளிலும் கை வைப்பது ஹராம், அது துரோகம் என்கிறார்கள் இமாம் மர்ஃகீனானி. அப்படி எதையாவது எடுத்து வந்துவிட்டால் அதைத் தர்மம் செய்துவிட வேண்டும் என்கிறார்கள். எதிரி நாட்டுக்கே இந்தச் சட்டம் என்றால், நமக்குச் சோறு போடும் நாட்டுக்கும், நாம் பிறந்த நாட்டின் வங்கிக்கும் என்ன சட்டம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

வங்கி வட்டி வாங்குகிறதே, அதை ஏமாற்றினால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. வட்டி ஹராம், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அவன் செய்யும் பாவம் நாம் செய்யும் பொய்யை ஹலால் ஆக்காது.

நாயகம் வைத்த அடமானம்

நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களும் அடமானம் வைத்தார்கள். அவர்கள் வஃபாத்தானபோது அவர்களின் போர்க் கவசம் ஒரு யூதரிடம் முப்பது ஸாஉ வாற்கோதுமைக்கு அடகில் இருந்தது என்று அன்னை ஆயிஷா ரளியல்லாஹு அன்ஹா அறிவிப்பது புகாரியில் இருக்கிறது. வைத்தது தன் சொந்தப் பொருள். ஒரே ஆளிடம், ஒரே கடனுக்கு, வீட்டுத் தேவைக்கு மட்டும். வாங்கியவர் நம் மார்க்கத்தவர் அல்ல. என்றாலும் கணக்கில் ஒரு குறை இல்லை.

நம் ஊரில் என்ன நடக்கிறது? ஒரே வீட்டை இரண்டு பேருக்கு ஒத்திக்கு விடுகிறார்கள். சபுரில் இருக்கும் அண்ணன் நம்பிக் கொடுத்த பவர் பத்திரத்தை வைத்துத் தம்பி மனையை விற்கிறார். அங்கீகாரம் இல்லாத மனையை, வயலில் வர்ணக் கல் நட்டுத் தவணைக்கு விற்கிறார்கள். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரப்பதிவு செய்யத் தடை போட்டது. இரண்டு மாதத்தில் பணமதிப்பிழப்பும் வந்தது. மனை விலை படுத்தது. மகளின் கல்யாணத்துக்கு விற்கலாம் என்று வாங்கிப் போட்டவர்கள் விற்கவும் முடியாமல் தவித்தார்கள். அந்த மனையை 'அப்ரூவல் வந்துவிடும்' என்று சொல்லி விற்றவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள்.

கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் நாயகம் கைவிட்டுப் பார்த்து, மேலே காய்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்ததைக் கண்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்ல என்று எச்சரித்த ஹதீஸ் உங்களுக்குத் தெரியும். நெல் வியாபாரம் செய்யும் ஊருக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை. பத்திரமும் ஒரு குவியல்தான். மேல் தாளைப் பார்த்து நம்புகிறவருக்கு உள்ளே இருக்கும் ஈரத்தைச் சொல்லியாக வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

ஒன்று: பிள்ளையை அனுப்பும் முன், ஏஜெண்ட் மத்திய அரசில் பதிவு பெற்றவரா என்று 'இ-மைகிரேட்' இணையதளத்தில் பாருங்கள். பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். குடிபெயர்வு அனுமதியோடு வேலை விசாவில் போகிறவருக்கு உள்ள காப்பீடு, விசிட் விசாவில் போய் வேலை பார்ப்பவருக்கு இல்லை. அங்கே சம்பளம் தராவிட்டால் புகார் சொல்லவே பயப்பட வேண்டியிருக்கும்.

இரண்டு: ஏற்கெனவே காலம் கடந்து தங்கியிருக்கும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால், மறைத்து வைக்காதீர்கள். அமீரகம் 2007, 2012, 2018, 2024 ஆகிய ஆண்டுகளில் பொது மன்னிப்பு அறிவித்து, அபராதம் இல்லாமல் வெளியேறவோ விசாவைச் சரிசெய்யவோ வழி விட்டது. அது எப்போதும் வராது. வரும்போது தவற விடாதீர்கள். வராத காலத்திலும் இந்தியத் தூதரகத்தை அணுகச் சொல்லுங்கள். மஹல்லாவில் யாரும் அவர்களை ஏளனமாகப் பேசக் கூடாது. பெரும்பாலும் அவர்கள் ஏஜெண்டிடம் ஏமாந்தவர்கள்.

மூன்று: வீடோ மனையோ வாங்கும் முன் மூலப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றையும் பாருங்கள். பவர் பத்திரத்தை மட்டும் வைத்து வாங்குவது சொத்துரிமை தராது என்று 2011இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அல்பகராவின் 282ஆவது வசனம், குர்ஆனிலேயே நீளமான வசனம், கடனை எழுதி வைப்பது பற்றியதுதான். எழுதுபவர் நீதியாக எழுத வேண்டும் என்று அல்லாஹ் அதில் கட்டளையிடுகிறான்.

நான்கு: ஓடி வந்தவர்கள் கடனை மறந்துவிடாதீர்கள். அமீரகத்தில் 2022 ஜனவரி முதல், பணமில்லாமல் திரும்பும் செக் பெரும்பாலும் சிறைக் குற்றமாக இல்லை. ஆனால் கடன் கடனாகவே இருக்கிறது. மூன்று தீனார் கடனோடு வந்த ஜனாஸாவுக்கு நாயகம் தொழவைக்கத் தயங்கி நின்றார்கள். அபூகதாதா ரளியல்லாஹு அன்ஹு பொறுப்பேற்ற பிறகே தொழவைத்தார்கள். தவணை பேசுங்கள், சிறிது சிறிதாகக் கொடுங்கள். உங்களுக்காக ஜாமீன் போட்டவரை முதலில் விடுவியுங்கள்.

அன்று அந்தப் பெரியவருக்கு நான் தாள் கொடுக்கவில்லை. இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் மகனையே அழைத்து வந்தார். மூவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். மாடியை விட்டுவிட்டுக் கீழ்த்தளம் மட்டும் கட்டினால், கையிருப்பும் உறவினர்கள் தரும் கைமாற்றும் போதும், வட்டிக் கடனே வேண்டாம் என்று தெரிந்தது. அஸ்திவாரம் தோண்டியாகிவிட்டது. சின்ன வீடுதான். ஆனால் அந்த வீட்டில் பொய் ஒரு செங்கல்கூட இல்லை.

யா அல்லாஹ்! எங்கள் சம்பாத்தியத்தை ஹலாலாக்கி வைப்பாயாக. கடன்பட்டவர்களின் கடனை இலேசாக்குவாயாக. கடல் கடந்து தவிக்கும் எங்கள் பிள்ளைகளைக் கண்ணியத்தோடு வீடு சேர்ப்பாயாக. எங்கள் கையெழுத்துகளுக்கு நாளை மறுமையில் பதில் சொல்லும் தகுதியை எங்களுக்குத் தருவாயாக. ஆமீன்.