சுதந்திர தேவி ஏன் பச்சையானாள்?

அன்புள்ள தம்பிக்கு,

நியூயார்க் சுதந்திர தேவி சிலை செம்பால் ஆனது என்று படித்துவிட்டு, “அப்படியென்றால் ஏன் பச்சையாக இருக்கிறது? யாரும் தேய்த்துக் கழுவமாட்டார்களா?” என்று கேட்டிருந்தாய். தேய்த்தால் சிலைக்குத்தான் கேடு. ஏன் என்று சொல்கிறேன்.

1886 அக்டோபர் 28 அன்று திறந்துவைத்தபோது அவள் செம்பு நிறத்தில்தான் இருந்தாள். சுமார் 2.4 மில்லிமீட்டர் கனமுள்ள செப்புத் தகடுகளை அடித்து வளைத்துச் செய்த மேனி அது. முதலில் காற்றிலுள்ள ஆக்சிஜன் செம்போடு சேர்ந்து ஆக்சைடானது. மேனி பழுப்பேறிக் கருத்தது. பிறகு, நிலக்கரிப் புகையிலிருந்த கந்தக டை ஆக்சைடு ஈரத்தில் கரைந்து அமிலமாகி அந்த ஆக்சைடுப் படலத்தின்மேல் வேலைசெய்தது. அதில் விளைந்ததுதான் பச்சைக் களிம்பு. புரோகான்டைட் என்னும் செப்புச் சல்பேட் கனிமம் அதில் முதன்மையானது. கடற்காற்றின் உப்பும் தன் பங்குக்குக் குளோரைடுகளைச் சேர்த்தது. சில பத்தாண்டுகளுக்குள் சிலை முழுதும் பச்சையாகிவிட்டது.

இரும்புத் துரு பொலபொலவென்று உதிரும். உதிர்ந்த இடத்தில் ஈரம் புகுந்து உள்ளேயும் அரிக்கும். செம்பின் களிம்போ நீரில் எளிதில் கரையாமல், உலோகத்தோடு இறுக ஒட்டிக்கொண்டு அரிப்பைத் தடுக்கிறது. 1906இல் சிலைக்கு வண்ணம் பூச ஒரு யோசனை எழுந்தது. மக்கள் எதிர்த்தார்கள், வெளிப்புறம் பூசாமல் விடப்பட்டது. சிலையைத் திறந்து ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்துச் சோதித்தபோது செப்புத் தகடு பெரும்பாலும் நலமாகவே இருந்தது. துருப்பிடித்துக் கெட்டிருந்தவை அதை உள்ளிருந்து தாங்கிய இரும்புப் பட்டைகள்தாம். செம்பும் இரும்பும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் இரும்பு விரைவாக அரிக்கப்படும். 1986இல் முடிந்த சீரமைப்பில் அந்தப் பட்டைகளுக்குப் பதிலாகத் துருப்பிடிக்காத எஃகு வைத்தார்கள்.

வீட்டுச் செப்புக் குடத்தைப் புளி போட்டுத் தேய்ப்பது சரிதான். அதில் தண்ணீர் குடிக்கிறோம், களிம்பு வயிற்றுக்கு ஆகாது. சிலைக்கு அந்தக் கவலை இல்லை. தேய்க்கும்போதெல்லாம் கொஞ்சம் செம்பு போகும். புதிதாக வெளிப்பட்ட செம்பைக் காற்று மறுபடி பிடித்துக்கொள்ளும்.

ஆகவே, பழைய பொருள் நிறம் மாறியிருந்தால் உடனே அழுக்கென்று எண்ணாதே. அந்தப் படலம் அரிக்கிறதா, காக்கிறதா என்று முதலில் கேள். அடுத்த முறை வெட்டவெளியில் ஒரு வெண்கலச் சிலையைப் பார்த்தால், மழை படும் தோளையும் படாத அக்குளையும் ஒப்பிட்டுப் பார். நிறம் எங்கே எப்படி வேறுபடுகிறதென்று எனக்கு எழுது.

அன்புடன்,
உன் அக்கா