துவாஸ் சாவடியும் முக்கால் பேட்டரியும்

துவாஸ் சோதனைச்சாவடியைத் தாண்டி ஜோகூருக்குள் போகும் சிங்கப்பூர்க் காரில் பெட்ரோல் தொட்டி முக்காலாவது நிறைந்திருக்க வேண்டும். 1989-இல் பாதித் தொட்டி என்று தொடங்கிய விதி, 1991-இல் முக்கால் தொட்டி ஆனது. எல்லை தாண்டி மலிவாக நிரப்பிக்கொண்டு திரும்பினால் இங்கே வரவேண்டிய எரிபொருள் வரி போய்விடும் என்பதற்காக வந்த ஏற்பாடு. முப்பது ஆண்டுக்கு மேல் பழகிப்போன இந்த விதியை மின்சாரக் கார் வாங்கியவர்களும் விடாமல் பிடித்திருக்கிறார்கள். “பேட்டரி முக்காலுக்குக் கீழே இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்களாமே?” என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அனுப்ப மாட்டார்கள். விதி எரிபொருள் தொட்டிக்கு மட்டும்தான். 20 விழுக்காடு பேட்டரியோடு போனாலும் சாவடியில் யாரும் தடுக்கப்போவதில்லை. எரிபொருள் வரி கட்டாததற்கு ஈடாக மின்சாரக் கார்கள் சாலை வரியோடு ஒரு கூடுதல் கட்டணமும் செலுத்துகின்றன. 2021-இல் 200 வெள்ளி, 2022-இல் 400, 2023 முதல் ஆண்டுக்கு 700. ஆக, ‘மின்சாரக் காருக்கு வரியே இல்லை’ என்ற பேச்சும் இதோடு முடிந்தது.

பேட்டரியைப் பெட்ரோல் தொட்டியாகவே நினைப்பதுதான் இந்தக் கேள்வியின் வேர். தீரும்போது போய் நிரப்புவது, ஐந்து நிமிடத்தில் நிரப்புவது, நிரப்பினால் முழுசாக நிரப்புவது: இந்தப் பழக்கங்களை வைத்துக்கொண்டு பார்த்தால் மின்சாரக் கார் தொல்லையாகத்தான் தெரியும். பெட்ரோலைத் தேடி நாம் போகிறோம். மின்சாரம், கார் சும்மா நிற்கிற நேரத்தில் ஏறுகிறது. 2024-இல் இங்கே புதிதாகப் பதிவான கார்களில் மூன்றில் ஒன்று மின்சாரக் கார். அந்த ஆண்டு விற்பனையில் முதலிடம் பிடித்த பிஒய்டி நிறுவனத்தின் ‘ஆட்டோ 3’ போன்ற எஸ்யூவிகளைத் துவாஸ், பைனியர், ஜூரோங் பக்கம் தினமும் பார்க்கிறோம். வாங்கிவிட்டார்கள். சார்ஜ் செய்வது பற்றிய பயம் மட்டும் இன்னும் பலருக்குப் போகவில்லை.

“அடுக்குமாடியில் இருப்பவனுக்கு இதெல்லாம் ஒத்துவராது.”

சிங்கப்பூரர்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் வீவக வீட்டில் இருப்பவர்கள். தனி வாசலும் சுவரில் சொந்த சார்ஜரும் இங்கே சிறுபான்மையினருக்குத்தான் வாய்க்கும். வெளிநாட்டுக் காணொளிகளில் சொல்லப்படும் ‘வீட்டில் சார்ஜ்’ நமக்கு ‘புளோக்குக் கீழே சார்ஜ்’. இதற்காக 2022 நவம்பரில் ஐந்து நிறுவனங்கள் தேர்வாயின. ஏறத்தாழ 2,000 வீவக வாகன நிறுத்துமிடங்களில் குறைந்தது 12,000 முனையங்கள் வைப்பது அந்த ஒப்பந்தம். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் துணை நிறுவனமான ‘ஈவிஇ’ இதை நடத்துகிறது. பெரும்பாலானவை 7.4 கிலோவாட் முனையங்கள்.

“7.4 என்றால் ரொம்ப மெதுவாச்சே” என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தெம்பனிஸில் வீடு, துவாஸில் வேலை என்று தீவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போனாலும் ஒரு வழி 50 கிலோமீட்டருக்குள்தான். சராசரிக் குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு மொத்தமே 50 என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோமீட்டருக்கு 16 யூனிட் செலவானால் அன்றைக்குத் தேவை 8 யூனிட். 7.4 கிலோவாட்டில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். 60 யூனிட் பேட்டரி உள்ள காரை வாரத்துக்கு ஒரு முறை, மிஞ்சிப்போனால் இரண்டு முறை இரவில் மாட்டினால் போதும்.

செலவும் பார்ப்போம். வீட்டு மின்கட்டணம் யூனிட்டுக்குச் சுமார் 30 காசு, வீவக முனையத்தில் ஏறத்தாழ இரு மடங்கு, அதிவேக முனையத்தில் இன்னும் கூட. 60 காசு என்றே வைத்தாலும் அன்றைய 8 யூனிட்டுக்கு 4 வெள்ளி 80 காசு. அதே தூரத்துக்குப் பெட்ரோல் எஸ்யூவி சுமார் 4 லிட்டர் குடிக்கும். பெட்ரோல் விலை தெரிந்தவர்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டியதில்லை.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு நிறுத்துமிடத்தில் மூன்றோ நான்கோ முனையங்கள்தான்; கார்களோ கூடிக்கொண்டே போகின்றன. இரவு பத்து மணிக்கு மாட்டிய கார் விடிகாலை மூன்று மணிக்கு நிறைந்துவிடுகிறது. அதை நகர்த்த யார் கீழே இறங்கி வருவார்? நிறைந்த பிறகும் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தால் தாமதக் கட்டணம் வசூலிப்பது பகலில் நியாயம். நள்ளிரவில் அது யாருக்கும் பயன்படாத தண்டனை என்பது என் கருத்து. மெதுவான முனையங்களை இரவு முழுக்க ஒருவருக்கு விட்டுக்கொடுத்து, எண்ணிக்கையைக் கூட்டுவதுதான் சரியான வழி.

கூட்டுரிமை வீடுகளில் தடை கம்பியிலோ மின்சாரத்திலோ இல்லை, பொதுக்கூட்டத்தில் இருந்தது. 2023 டிசம்பர் 8-இல் நடப்புக்கு வந்த மின்வாகன மின்னூட்டச் சட்டம் அதைத் தளர்த்தியிருக்கிறது. முன்பு 90 விழுக்காடு வரை ஆதரவு கேட்ட சில தீர்மானங்களுக்கு இப்போது, நிபந்தனைகளுடன், பாதி வாக்குகள் போதும். ‘நிர்வாகக் குழு ஒத்துக்கொள்ளாது’ என்று பழைய பாட்டையே பாடிக்கொண்டிருக்க வேண்டாம்.

“22 கிலோவாட் முனையத்தில் மாட்டினால் மூன்று மடங்கு வேகம்.”

இதை நம்பி முனையம் தேடி அலைபவர்கள் நிறையப் பேர். ஏசி முனையம் என்பது பாதுகாப்போடு மின்சாரம் கொடுக்கும் ஒரு குழாய்வாய் மட்டுமே. பேட்டரிக்கு வேண்டிய டிசி மின்சாரமாக அதை மாற்றும் கருவி காருக்குள் இருக்கிறது. அந்தக் கருவி 7 கிலோவாட் வாங்குவதென்றால் 22 கிலோவாட் முனையத்திலும் 7-தான் ஏறும். 11 வாங்கும் காருக்கு 11. காருக்குள் இருக்கும் அந்த எண் என்ன என்பதை விற்பனையாளரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதிவேக டிசி முனையம் அந்தக் கருவியைத் தாண்டி நேராகப் பேட்டரிக்குள் கொடுப்பதால்தான் வேகம். அதிலும் ஒரு வரம்பு உண்டு. திரையைக் கவனித்தால் தெரியும்: 30 விழுக்காட்டில் 80 கிலோவாட் காட்டியது, 80 விழுக்காட்டைத் தாண்டியதும் சரசரவென்று இறங்கும். கடைசி 20 விழுக்காட்டுக்காக அங்கே காத்திருப்பது காசும் நேரமும் வீண், பின்னால் நிற்பவருக்கும் தொந்தரவு.

தரைவீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மூன்று முள் பிளக்கில் மாட்டிவிடலாம் என்ற யோசனை வேண்டாம். 13 ஆம்பியர் பிளக் அதிகபட்சம் 3 கிலோவாட் தரும். அதையும் இரவு முழுக்க இழுத்தால் பிளக்கும் நீட்டிப்புக் கம்பியும் சூடேறும். இணையத்தில் மலிவாக வாங்கிய சார்ஜர் என்றால் ஆபத்தோடு சட்டமீறலும் சேரும். ஆணையம் ஒப்புதல் அளித்து, முத்திரை ஒட்டி, பதிவு செய்யப்பட்ட சார்ஜரை உரிமம் பெற்ற மின்பணியாளர்தான் பொருத்த வேண்டும். குளிரூட்டிகளும் சுடுநீர்க் கருவியும் ஓடும் நேரத்தில் இன்னொரு 32 ஆம்பியரை வீட்டு இணைப்பு தாங்குமா என்று அவர்தான் பார்த்துச் சொல்ல முடியும்.

“மழையில் மாட்டினால் ஷாக் அடிக்கும்.”

ஆண்டுக்குச் சுமார் 170 நாள் மழை பெய்யும் ஊரில் இது உண்மையானால் ஒருவரும் சார்ஜ் செய்ய முடியாது. பிளக்கைக் காரில் செருகும்போது நடப்பதை உன்னித்துக் கவனியுங்கள். முதலில் பூட்டு விழும் சத்தம். பிறகு விளக்கு சிமிட்டும். அந்தச் சில வினாடிகளில் காரும் முனையமும் சிறு சைகை மின்சாரத்தால் ஒன்றையொன்று சரிபார்க்கின்றன: இணைப்பு இறுகியிருக்கிறதா, எவ்வளவு ஆம்பியர் தரலாம் என்று. எல்லாம் சரியென்றால்தான் முனையத்துக்குள் ‘டக்’ என்று ஒரு சுவிட்ச் மூடி, பெரிய மின்சாரம் பாய்கிறது. அதுவரை கையில் இருக்கும் பிளக்கில் உயிர் இல்லை. சிறிது கசிந்தாலும் பாதுகாப்புச் சுவிட்ச் கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். மழையைவிடக் கவனிக்க வேண்டியது உடைந்த பிளக், உறை கிழிந்த கேபிள், தண்ணீர் தேங்கிய தரையில் யாரோ போட்டுவிட்டுப் போன முனை. அப்படி எதையாவது கண்டால் மாட்டாதீர்கள், புகார் செய்யுங்கள்.

“எப்போதும் 80 விழுக்காட்டோடு நிறுத்திவிட வேண்டும்” என்பது பாதி உண்மை. நிக்கல் கலந்த பேட்டரிக்கு அன்றாட ஓட்டத்துக்கு 80 நல்லது. ‘எல்எஃப்பி’ எனப்படும் இரும்புப் பாஸ்பேட் பேட்டரியை அவ்வப்போது 100 வரை ஏற்றச் சொல்கிறார்கள் தயாரிப்பாளர்களே. அப்போதுதான் மீதி எவ்வளவு என்று கார் சரியாகக் காட்டும். ஆட்டோ 3-இல் இருப்பது இந்த வகை. உங்கள் காரில் எது என்று கையேட்டைப் பாருங்கள்.

“தீபாவளிக் கூட்டத்தில் துவாஸ் இரண்டாம் பாலத்தில் மாட்டிக்கொண்டால் பேட்டரி செத்துவிடும்.”

நெரிசலில் நிற்கும் மின்சாரக் காரின் மோட்டார் எதையும் தின்பதில்லை. குளிரூட்டிதான் தின்னும், நம் வெயிலில் ஒன்றிலிருந்து ஒன்றரை கிலோவாட் வரை. நான்கு மணி நேரம் அசையாமல் நின்றாலும் அதிகம் போனால் 6 யூனிட். 60 யூனிட் பேட்டரியில் பத்தில் ஒரு பங்கு. குழந்தைகளோடும் வயதானவர்களோடும் போகிறவர்கள் குளிரூட்டியை அணைத்துவிட்டு வெந்து சாக வேண்டியதே இல்லை.

கோலாலம்பூர்ப் பயணத்தில்தான் திட்டம் தேவைப்படுகிறது. துவாஸிலிருந்து ஏறத்தாழ 350 கிலோமீட்டர். ஆட்டோ 3-க்கு ஆய்வகச் சோதனைப்படி 420 கிலோமீட்டர் என்று எழுதியிருப்பார்கள். மணிக்கு 110-இல் ஓடும் நெடுஞ்சாலையில் 300 என்று எண்ணிக்கொள்வதே பாதுகாப்பு. ஆகவே வழியில் ஒரு நிறுத்தம் வேண்டும். மச்சாப், பாகோ, ஆயர் குரோ என்று வடக்கு தெற்கு நெடுஞ்சாலையின் ஓய்விடங்கள் வரிசையாக வரும். பிளக் வேறாக இருக்குமோ என்ற கவலை வேண்டாம். மெதுவானதுக்கு ‘டைப் 2’, வேகமானதுக்கு ‘சிசிஎஸ் 2’ என்பதே இரு நாட்டிலும் வழக்கம். சிரமம் செயலிகளில்தான். ஜென்டாரி, சார்ஜ்ஈவி, ஜோம்சார்ஜ் என்று ஆளுக்கொரு செயலி. இவற்றைச் சாவடிக்குப் போகும் முன்பே பதிவிறக்கி, அட்டையை இணைத்து, கொஞ்சம் பணமும் போட்டு வையுங்கள். விழாக்காலத்தில் ஒரே ஓய்விடத்தை நம்பிப் போகாதீர்கள். 40 விழுக்காடு இருக்கும்போதே முதல் முனையத்தைப் பாருங்கள். அது பழுதாகவோ வரிசையாகவோ இருந்தால் அடுத்ததற்குப் போகக் கையில் தெம்பு இருக்கும்.

தீ பற்றிய பயத்தை நான் லேசாக ஒதுக்க மாட்டேன். 2021-இல் உட்லண்ட்ஸில் மின்தூக்கிக்குள் மின்-சைக்கிள் பேட்டரி தீப்பிடித்து ஓர் இளைஞர் உயிரிழந்தார். அந்த வலியோடு மின்சாரக் கார்களைப் பார்ப்பவர்களிடம் கோபப்படுவதற்கில்லை. ஆனால் மாற்றங்கள் செய்யப்பட்ட மின்-சைக்கிள் பேட்டரியும், வெப்பத்தை ஓயாமல் கண்காணிக்கும் கார் பேட்டரியும் ஒன்றல்ல. சுவீடன் அரசின் 2022 கணக்கில், ஏறத்தாழ 611,000 மின்சார, கலப்புக் கார்கள் ஓடிய நாட்டில் மின்சாரக் கார் தீச் சம்பவங்கள் 23, 4.4 மில்லியன் பெட்ரோல், டீசல் கார்களில் சுமார் 3,400. பழைய கார்களும் யாரோ வேண்டுமென்றே வைத்த தீயும் அந்த இரண்டாவது எண்ணில் அடக்கம் என்றாலும் இடைவெளி பெரிது. தீ பிடித்துவிட்டால் அணைப்பது கடினம் என்பதும் மெய். 2024 ஆகஸ்டில் தென்கொரியாவின் இஞ்சோன் நகரில் நிலத்தடி நிறுத்துமிடத்தில் ஒரு மின்சாரக் கார் எரிந்து நூற்றுக்கும் மேற்பட்ட வாகனங்கள் சேதமாயின. அந்தக் கார் அப்போது சார்ஜில் இல்லை, நாள்கணக்கில் சும்மா நின்றிருந்தது. தண்ணீர்த் தெளிப்பான் நிறுத்தப்பட்டதும் பின்னர் தெரியவந்தது. உங்கள் கட்டடத்தில் தெளிப்பான் வேலை செய்கிறதா என்று கேட்பது, சார்ஜர் வரக்கூடாது என்று வாக்களிப்பதைவிடப் பயனுள்ளது.

துவாஸின் மின்நிலையப் புகைபோக்கிகளைக் காட்டி, “மின்சாரமே எரிவாயுவில்தானே வருகிறது, என்ன லாபம்?” என்கிறார்கள். 95 விழுக்காடு எரிவாயுதான். இங்கே ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.4 கிலோ கரியமில வாயு. சார்ஜ் செய்யும்போது வீணாவதையும் சேர்த்தால் காருக்குக் கிலோமீட்டருக்கு 70 கிராம் வரும். பெட்ரோல் எஸ்யூவி 180-ஐத் தாண்டும். பேட்டரி செய்யும்போது வெளியாகும் கூடுதல் புகை சில ஆண்டு ஓட்டத்தில் ஈடாகிவிடுகிறது. தேய்ந்த பேட்டரி குப்பைக்குத்தான் போகும் என்பவர்களுக்கும் பதில் துவாஸிலேயே இருக்கிறது. லித்தியம் பேட்டரிகளை நாளொன்றுக்கு 14 டன் வரை பிரித்து உலோகத்தை மீட்கும் ஆலை இங்கே 2021-இல் திறக்கப்பட்டது.

இத்தனையும் சொல்லிவிட்டு, துவாஸில் குறையாக நிற்பதையும் சொல்ல வேண்டும். இங்கே காலை 8 மணிக்கு நிறுத்திய கார் மாலை 6 மணி வரை அசைவதில்லை. பத்து மணி நேரம்! மெதுவான முனையத்துக்கு இதைவிடத் தோதான இடம் தீவில் கிடையாது. மின்வாகன மின்னூட்டச் சட்டப்படி, புதிதாகக் கட்டும் கட்டடங்கள் வாகன இடங்களில் 15 விழுக்காட்டுக்கு மின்வசதியும் 1 விழுக்காட்டுக்கு முனையமும் வைத்தாக வேண்டும். ஆனால் துவாஸின் பழைய பட்டறைகளும் கிடங்குகளும் இதற்குள் வருவதில்லை. ஐந்து மெதுவான முனையங்கள் ஒரே நேரத்தில் இழுப்பது 37 கிலோவாட். இது பெரிய ஆலை ஒன்றின் காற்றழுத்தக் கருவி இழுப்பதைவிட அதிகமில்லை. தேவை கூடும் நேரத்தில் கார்களுக்குள் மின்சாரத்தைப் பங்கிட்டுக் குறைக்கும் ஏற்பாடும் வந்துவிட்டது. கூரையில் சூரியத் தகடு பதித்திருக்கும் ஆலையென்றால், நண்பகலில் அங்கே விளைவதை அங்கேயே காருக்குள் ஏற்றலாம். அதைச் செய்யும் முதலாளி தன் ஊழியர்களின் இரவு வரிசையைக் குறைக்கிறார், வீவக முனையம் இன்னொரு குடும்பத்துக்குக் காலியாகிறது. உங்கள் நிறுவனத்தின் அடுத்த கட்டடப் பராமரிப்புக் கூட்டத்தில் இதை எழுத்தில் கேளுங்கள். எத்தனை பேருக்குத் தேவை என்ற பட்டியலையும் கூடவே கொடுங்கள்.