டாரதி அம்மையார் கற்ற புதுத் தொழில்

கம்ப்யூட்டர் என்னும் சொல் இன்று ஒரு பொறியைக் குறிக்கின்றது. முன்னாளில் அது மனிதரைக் குறித்தது. அமெரிக்க நாட்டு ஆய்வு நிலையங்களில் நாள் முழுதும் மேசையருகே அமர்ந்து, எண்களைக் கூட்டியும் பெருக்கியும் வகுத்தும் விடை கண்டு தருபவரே கம்ப்யூட்டர் எனப்பட்டார். அப்பணியில் இருந்தோர் பெரும்பாலும் மகளிரே ஆவர்.

வர்ஜினியா மாநிலத்து ஹாம்ப்டன் நகரில் லாங்லி என்னும் ஆய்வு நிலையம் உள்ளது. அங்கே காற்றுச் சுரங்கங்களுள் விமானத்தின் மாதிரியை நிறுத்தி, அதன்மேல் காற்றை விசையுடன் செலுத்துவர். இறக்கையின் பல இடங்களிலும் காற்றின் அழுத்தம் எவ்வளவு என்பதைக் கருவிகள் குறிக்கும். அவ்வளவுகளைப் படித்து, நீண்ட தாள்களில் கட்டம் கட்டமாக எழுதி, பொறியாளர் வேண்டும் விடையாக மாற்றித் தருவது அந்நாளில் கணக்கிடும் மகளிரின் கடமையாக இருந்தது.

1943ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் டாரதி வாகன் என்னும் அம்மையார் அந்நிலையத்தில் வந்து சேர்ந்தார். அவர் 1929ஆம் ஆண்டிலேயே கணிதத்தில் பட்டம் பெற்றவர். பார்ம்வில் என்னும் ஊரில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியராக இருந்தவர். நான்கு மக்களுக்குத் தாய். ஆசிரியப் பணியில் அவர் பெற்ற ஊதியம் ஆண்டுக்கு 850 டாலர். லாங்லியிலோ 2,000 டாலர். ஆயினும் அது போர்க்கால வேலை. போர் ஓய்ந்தால் வேலையும் ஓயக்கூடும் என்பதை அறிந்தே அம்மையார் வீட்டை விட்டு அவ்வளவு தொலைவு வந்தார்.

அவர் கறுப்பினத்தவர். போர்த் தளவாடத் தொழில்களில் நிறவேற்றுமை காட்டலாகாது என்று குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் 1941ஆம் ஆண்டு ஆணை பிறப்பித்திருந்தார். அதனால் கதவு திறந்தது. ஆனால் உள்ளே வேற்றுமை ஒழியவில்லை. கறுப்பின மகளிர்க்கு மேற்குப் பகுதியில் தனி அறை, உணவுக் கூடத்தில் தனி மேசை, கழிப்பறையும் தனி. கணக்கு மட்டும் எல்லார்க்கும் ஒன்றே!

போர் முடிந்தபின்னும் வேலை நிலைத்தது. 1949ஆம் ஆண்டு மேற்குக் கணக்கர் பிரிவின் தலைமை டாரதி அம்மையாரிடம் வந்தது. அந்நிறுவனத்தில் கறுப்பினத்தவர் ஒருவர் பிரிவுத் தலைமை ஏற்றது அதுவே முதன்முறை. தம் பிரிவினர்க்காக மட்டுமன்றி, ஊதிய உயர்வுக்குத் தகுதி பெற்ற வெள்ளையின மகளிர்க்காகவும் அவர் பரிந்து பேசினார். கடினமான கணக்கு வந்தால், அதை அம்மையாரே செய்ய வேண்டும் எனப் பொறியாளர் கேட்பதுண்டு.

இந்நிலையில்தான் மின்னணுப் பொறிகள் லாங்லிக்குள் நுழைந்தன. பலர் கூடிப் பல நாள் போடும் கணக்கை அவை மிகக் குறுகிய நேரத்தில் முடித்தன. மற்றொரு பக்கம், திறமை மிக்க மகளிரைப் பொறியாளர் தத்தம் குழுக்களுக்கே அழைத்துக்கொண்டனர். 1953ஆம் ஆண்டு பணியேற்ற காதரின் ஜான்சனை, இரண்டே வாரங்களில் பறத்தல் ஆய்வுப் பிரிவுக்கு அனுப்பியவர் டாரதி அம்மையாரே. சிறந்தவரைத் தம்மிடமே நிறுத்திக்கொள்ள அவர் விரும்பவில்லை. அறையில் நாற்காலிகள் ஒவ்வொன்றாக வெறுமையாயின.

பொறியைப் பழிப்பதோ, அது பழுதுபடும் என்று காத்திருப்பதோ அம்மையாருக்கு ஒவ்வவில்லை. 1957ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் போர்ட்ரான் என்னும் கணிப்பொறி மொழியை வெளியிட்டது. கணிதச் சூத்திரங்களை ஏறத்தாழ அவை உள்ளபடியே எழுதி, துளையிட்ட அட்டைகள் வாயிலாகப் பொறிக்கு உணர்த்த அது வழி செய்தது. அம்மையார் அம்மொழியைத் தாமும் கற்றார். தம் பிரிவினரையும் கற்கச் செய்தார்.

இத்தொழில் அவர்களுக்கு முற்றும் புதியதன்று என்பது கருதத்தக்கது. நீண்ட சமன்பாடு ஒன்றைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, எதை முதலில் கூட்டுவது, எதைப் பின்னர்ப் பெருக்குவது என வரிசைப்படுத்துவதே அவர்கள் அதுவரை செய்துவந்த வேலை. முன்பு அவ்வரிசையை மனிதர்க்கு எழுதினர். இனிப் பொறிக்கு எழுத வேண்டும். மனிதர் குறிப்பறிந்து திருத்திக்கொள்வர். பொறி எழுதியதை மட்டுமே செய்யும். வேறுபாடு அவ்வளவே, எனினும் அது சிறிதன்று.

1958ஆம் ஆண்டு அந்நிறுவனம் நாசா என்னும் புதிய அமைப்பாக மாறியது. நிறத்தால் பிரிக்கப்பட்ட கூடங்கள் யாவும் மூடப்பட்டன. மேற்குக் கணக்கர் அறையும் அவற்றுள் ஒன்று. தம் இனத்தவர் நெடுநாள் வேண்டி நின்ற சமத்துவம் வந்த அன்றே, அம்மையாரின் தலைமைப் பதவியும் மறைந்தது.

வேலையின்றி நிற்க வேண்டிய நிலை அவருக்கு ஏற்படவில்லை. ஆணும் பெண்ணும் இருநிறத்தாரும் கலந்து பணிபுரிந்த பகுப்பாய்வு கணிப்புப் பிரிவில் அவர் சேர்ந்தார். போர்ட்ரானில் வல்லவர் எனப் பெயர் பெற்று, செயற்கைக் கோள்களை விண்ணில் ஏற்றிய ஸ்கௌட் ஏவூர்தித் திட்டத்திற்கும் உழைத்தார். மீண்டும் ஒரு தலைமைப் பதவியை அவர் நாடினார், அது கிட்டவில்லை. 1971ஆம் ஆண்டு, இருபத்தெட்டு ஆண்டுப் பணிக்குப்பின், பொறிக்குக் கணக்கெழுதும் அலுவலராகவே ஓய்வு பெற்றார்.