கண்ணுக்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி



கண் சிவந்தால் 'மெட்ராஸ் ஐ' என்று நாமே முடிவு செய்து, மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொள்கிறோம். மெட்ராஸ் ஐ வந்தால் உறுத்தும், பீளை கட்டும். பார்வை பெரும்பாலும் குறையாது. வெளிச்சம் தாங்காமல் கூசி, உள்ளே வலித்து, பார்வையும் மங்கினால் அது கண்ணின் உட்புற அழற்சியாக இருக்கலாம். டாக்டர்கள் அதை யுவியைட்டிஸ் என்பார்கள்.

1993 இறுதியில் மதுரைப் பக்கம் பெருவெள்ளம் வந்தது. அடுத்த சில மாதங்களில் அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் பலர் இந்த நோயோடு வந்தார்கள். டாக்டர் எஸ்.ஆர். ரத்தினமும் உடனிருந்தவர்களும் ஆராய்ந்தபோது, எலிக்காய்ச்சலே காரணம் என்று தெரிந்தது. எலி, மாடுகளின் சிறுநீர் கலந்த தண்ணீரில் இறங்குவதால் வரும் காய்ச்சல் இது. காய்ச்சல் விட்டுப் பல வாரங்கள் கழித்தும் கண்ணைத் தாக்கும். பிச்சாவரம், கிள்ளைப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீரில் நிற்காதவர் யார்? உப்புநீர் இந்தக் கிருமிக்கு ஒத்துக்கொள்ளாது. ஆகவே உப்பங்கழியைவிட வயலிலும் தெருவிலும் தேங்கும் மழைநீரில்தான் கவனம் வேண்டும். மழைக்காலத்தில் காய்ச்சல் வந்திருந்தால் கண் டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள்.

காசநோய், மூட்டுவாதம் போன்றவற்றாலும் இந்த அழற்சி வரலாம். கிருமி இருக்கும்போது ஸ்டீராய்டை மட்டும் கொடுத்தால் நோய் முற்றிவிடும். அதனால்தான் முதலில் ரத்தப் பரிசோதனை, நெஞ்சு எக்ஸ்ரே எல்லாம் எடுக்கச் சொல்கிறார்கள். வீண் செலவு என்று நினைக்க வேண்டாம்.

சொட்டு மருந்து போதாதபோது, குறிப்பாக விழித்திரையில் நீர் கோத்தால், ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். மரத்துப்போக மருந்து விட்ட பிறகு, விழியின் பக்கவாட்டிலோ விழிக்குள்ளேயோ போடுவது வழக்கம். விழிக்குள் போடுவது கூடுதலாகப் பலன் தரும்; கண் அழுத்தம் கூடும் ஆபத்தும் அதில் கொஞ்சம் அதிகம். மருந்து பெரும்பாலும் கண்ணோடு நிற்பதால், மாத்திரை அளவுக்குச் சர்க்கரையை ஏற்றாது. நம் வீடுகளில் இது பெரிய விஷயம்.

பிரச்சினை ஊசிக்குப் பிறகுதான். பார்வை தெளிந்ததும் பலர் மறு பரிசோதனைக்குப் போவதில்லை. கண் அழுத்தம் சில வாரங்கள் கழித்துக்கூட ஏறலாம். பெரும்பாலும் வலி இருக்காது, சிவக்காது. கவனிக்காமல் விட்டால் பார்வை நரம்பு கெடும். அப்படிப் போன பார்வை திரும்பாது. சரியான நேரத்தில் பார்த்துவிட்டால் பெரும்பாலும் சொட்டு மருந்திலேயே அழுத்தத்தை இறக்கிவிடலாம். குடும்பத்தில் யாருக்காவது கிளாக்கோமா இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கண்புரை சீக்கிரம் வளரவும் இந்த மருந்து காரணமாகலாம். மீதியிருக்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தை வீட்டில் வேறொருவருக்கு விடவே கூடாது.

நமக்கு அருகில், புதுச்சேரி தவளக்குப்பத்தில் கடலூர் சாலையிலேயே அரவிந்த் மருத்துவமனை இருக்கிறது.

ரமலானில் சிலர் சிகிச்சையைத் தள்ளிவைக்கிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் கண்ணில் மருந்து விடுவதால் நோன்பு முறியாது. ஊசி பற்றி உங்கள் பள்ளிவாசல் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அழுத்தம் பார்க்கும் தேதியை மட்டும் பெருநாளுக்குப் பிறகு என்று மாற்ற வேண்டாம்.